கட்டாரில இருக்கிற பெரியவனுக்கு

அன்புள்ள மகன்,

நாங்கள் சுகம். நீயும் சுகமா இருக்கவேணும் எண்டு கோணேசரைக் கும்பிடுறன். நேரத்துக்குச் சாப்பிடு. மூண்டு கிழமையா உன்ர கோல் இல்லை. வேலை கூட எண்டு சித்திக்குச் சொல்லிவைச்சிருக்கிறன். போனில கதைச்சா சின்னவனுக்குக் கேட்கும், அதுதான் எழுதுறன்.

ஸ்கூட்டி விறாந்தையிலதான் நிக்குது. சின்னவன் வித்துப்போட்டான் எண்டு ஆரும் சொன்னா நம்பாதை. வெள்ளிக்கு வெள்ளி துடைச்சு வைக்கிறான்.

2022ல பெற்றோல் கியூவில கிடந்து பட்ட பாட்டுக்குத்தான் நீ கரண்டில ஓடுறதா வாங்கித் தந்தாய். உப்புவெளியில இருந்து திருகோணமலை ரவுணுக்குள்ள பார்சல் குடுத்துத் திரியுமட்டும் ஒரு குறையும் இல்லை. அண்ணா வாங்கித் தந்தது எண்டு ஆக்களுக்குச் சொல்லேக்க அவன்ர முகத்தைப் பார்த்திருக்கவேணும் நீ. பிறகு குச்சவெளிப் பக்கத்தையும் அவனிட்டக் குடுத்திட்டினம். போய்வர 50 கிலோமீற்றருக்கு மேல. வித்தவர் சொன்ன தூரம், ஒரு ஆள் வெறுங்கையோட ஓடுற தூரம். பின்னுக்குப் பெட்டி, காலடியில அரிசிப் பை, எதிர்க்க வாடைக்காத்து எண்டா இறக்ககண்டிப் பாலத்திலயே சார்ஜ் பாதியாயிடும். பார்சலைக் கையில வாங்கேக்க காசு குடுக்கிற ஆக்கள் சிலர் போனைத் தூக்கமாட்டினம். மோட்டச்சைக்கிள்காரன் இன்னொருக்காப் போய்ப் பார்ப்பான். இவன் மிச்சச் சார்ஜை எண்ணிக்கொண்டு றோட்டோரம் நிப்பான். ஒருநாள் கும்புறுப்பிட்டியில ஒரு கடையில கேட்டு, ரெண்டு மணித்தியாலம் சார்ஜ் போட்டுட்டு வந்தவன். சும்மா போட்டது வெட்கம் எண்டு ரெண்டு பிஸ்கற் பெட்டியும் வாங்கி வந்தான். பெற்றோல் எண்டா ஐஞ்சு நிமிசம்.

பற்றரியைக் கழட்டி உள்ளுக்குக் கொண்டுபோகவும் ஏலாது. சீற்றுக்குக் கீழ ஐஞ்சு ஈயப் பற்றரி, ஒரு அரிசி மூட்டைப் பாரம். இங்க திறக்கத் தெரிஞ்ச ஆளும் குறைவு. ஒருத்தர் வந்து மீற்றர் வைச்சுப் பார்த்தார். ரெண்டு பற்றரி செத்துப்போச்சாம். இரவிரவா முழுசா ஏறாட்டி உள்ளுக்க ஈயத்தில உப்புப் படிஞ்சு இறுகிப்போகுமாம். அதைக் கேட்டுத்தான் நீ அவனை ஏசினாய். சார்ஜ் போடவே பஞ்சிப்படுறவனுக்கு ஏன் வாங்கித் தந்தனான் எண்டு கேட்டாய். அவன் ஒண்டும் கதைக்கேல்லை.

மகன், அவன் ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கே கொழுவினவன். பன்னிரண்டு மணிக்குக் கழட்டினது நான். பற்றரி நெருப்புப் பிடிக்கும் எண்டு எங்கயோ கேட்ட பயம் ஒண்டு. மற்றது கரண்ட் பில். நீ வெயிலில நிண்டு அனுப்புற காசில கட்டிற பில் எண்டு நினைச்சன். விடிய நாலு மணிக்குத் திருப்பிக் கொழுவிவிடுவன். ஏனம்மா இன்னும் பச்சை லைற் வரேல்லை எண்டு கேட்பான். இரவு கரண்ட் போனது எண்டு சொல்லுவன். நீ ஏசேக்கயும் பக்கத்தில இருந்து வாயைத் திறக்கேல்லை நான். இவ்வளவு நாளும் பொய் சொல்லாதேங்கோ எண்டு பிள்ளைகளை வளர்த்தனான்.

இப்ப அப்பான்ர சைக்கிளில ரவுணுக்குள்ள மட்டும் பார்சல் குடுக்கிறான். வெயிலில கறுத்துப்போனான். லித்தியம் பற்றரி போடலாமாம், சார்ஜரும் மாத்தவேணுமாம். நீ காசு அனுப்பாதை. என்ர காப்பு இருக்கு.

நேரத்துக்குச் சாப்பிடு. எட்டு மணிக்குப் பிறகு அவன் வீட்டில நிப்பான். அவனிட்ட இன்னும் நான் சொல்லேல்லை. நீ கோல் எடு. அப்ப ரெண்டு பேருக்கும் முன்னால நானே சொல்லுறன்.

அம்மா