மாணவர் மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டின் பெரிய வேலை எட்டு வார மனக்கவனப் பயிற்சிதான், அதாவது மூச்சையும் இந்தக் கணத்தில் நடப்பதையும் கவனித்துப் பழகுவது. ஜான் கபாட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய முறையைத் தழுவியது இது. அங்கே வீட்டுப் பயிற்சி தினமும் 45 நிமிடம். அதைச் சொன்னதுமே அறையில் சிரிப்பு. சரி என்று 10 நிமிடத்துக்கு இறங்கி வந்தோம்.

முதல் வகுப்பில் ஆளுக்கொரு உலர்திராட்சை. உருட்டிப் பார்த்து, முகர்ந்து, நாக்கில் வைத்து, பிறகுதான் கடிக்க வேண்டும். பயிற்றுநர் சொல்லி முடிப்பதற்குள் பின்வரிசையில் பலர் விழுங்கிவிட்டார்கள். "இன்னொன்று கிடைக்குமா?" என்று ஒருவர் கேட்டார். கை நம்மைக் கேட்காமலே வேலை செய்வது அப்போதுதான் உறைத்தது. படிக்க உட்கார்ந்ததும் கைபேசி கைக்கு வருவதும் இப்படித்தானே!

ஐந்தாம் வாரம் கூட்டம் குறைந்தது, அது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது, வந்தவர்களில் சிலர் மூச்சைக் கவனிப்பதையே படிக்காமல் இருக்கச் சாக்காக்கிக்கொண்டது. நானும் அதில் சேர்த்தி. ஆய்வேட்டைத் திறக்கப் பயந்து ஒரே மாலையில் இரண்டு முறை கண்ணை மூடி உட்கார்ந்தேன். அப்புறம் திட்டத்தை மாற்றினோம். பதற்றத்தை முகத்தில் காட்டாமல் அமுக்குவதைவிட, நிலைமையை வேறு கோணத்தில் பார்ப்பதே பொதுவாக நல்லது என்று உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதற்கு ஒரு வகுப்பு ஒதுக்கினோம். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் 'இப்படியானால் இதைச் செய்வேன்' முறைக்கு இன்னொன்று. "வயிற்றைப் பிசைந்தால் மூன்று மூச்சு, பிறகு முதல் பத்தியை மட்டும் திறப்பேன்" என்று நான் எழுதிய சீட்டு இன்னும் என் மேசையில் ஒட்டியிருக்கிறது.

கண்ணை மூடினாலே கலக்கம் கூடுவதாகச் சொன்னவர்களை வற்புறுத்தவில்லை. ஆலோசகரைப் பார்க்கச் சொன்னோம்.

இதனால் பயன் உண்டா என்று கேட்ட உறுப்பினருக்கு: கேம்பிரிட்ஜில் 616 மாணவர்களிடம் நடந்த ஆய்வில், எட்டு வாரப் பயிற்சிக்குச் சேர்க்கப்பட்டவர்களுக்குத் தேர்வு நேர உளைச்சல் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. நம் மன்றத்தில் எதையும் அளக்கவில்லை. அது என் தவறு. அடுத்த ஆண்டு பயிற்சிக்கு முன்னும் பின்னும் வினாத்தாள் கொடுக்கப்படும்.

ஒரே வாரத்தில் மூன்று ஒப்படைப்புகள் விழுவதை மூச்சுப் பயிற்சியால் சரிசெய்ய முடியாது. தேதிகளைப் பிரித்து வைக்கக் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை, நினைவூட்டல் கடிதத்துக்குப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்