உபயதாரர் பட்டியலும் ஸ்பேஸ் பாரும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாலக்கோட்டில் 14 வருடமாக டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மாசி பிறந்துவிட்டால் திருவிழா நோட்டீஸ் வேலை ஓயாது. எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் 18 நாள் பாரதம் நடக்கும். எந்த ராத்திரி என்ன கூத்து என்பது நோட்டீஸின் முன்பக்கம். பின்பக்கம் முழுக்க உபயதாரர் பெயர்கள். கையில் வாங்கியதும் எல்லோரும் முதலில் திருப்பிப் பார்ப்பது பின்பக்கத்தைத்தான்.

போன வருடம் ஒரு ஊர் விழாக் குழுவிலிருந்து கல்லூரி மாணவன் ஒருவன் 140 பெயர்களைத் தானே வேர்டில் அடித்து பென்டிரைவில் கொண்டுவந்தான். உங்கள் பத்திரிகையில் வருவதுபோல் பக்கத்தை நெடுக்காகப் பிரித்து இரண்டு பத்தி (காலம்), பார்க்க நேர்த்தியாகத்தான் இருந்தது. ஆனால் அத்தனையும் ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி அமைத்தது. இடப்பக்கப் பெயர், தொகை, அப்புறம் இருபது முப்பது ஸ்பேஸ், அதே வரியில் வலப்பக்கப் பெயர், தொகை. கடைசி நேரத்தில், விட்டுப்போன ஒரு பெயரை மேலே சேர்க்கச் சொன்னார்கள். அதற்காக இடப்பக்கப் பெயர்களை ஒவ்வொன்றாக வெட்டி, ஒரு வரி கீழே ஒட்டிக்கொண்டே வந்தேன். நடுவில் ஏழெட்டுத் தொகைகள் பெயர் மாறி நின்றுவிட்டன. 500 நோட்டீஸ் அச்சாகி ஊருக்குள் போன பிறகுதான் தெரிந்தது.

நூறு நாள் வேலைக் கூலியில் சேர்த்து வைத்து 1,001 ரூபாய் கொடுத்த ஒரு பாட்டியின் பெயருக்கு நேரே 101 என்று இருந்தது. கடைக்கு வந்தவர் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. நோட்டீஸை மேசைமேல் விரித்து, அந்த வரியில் விரலை வைத்தார். பேரனை விட்டுப் படிக்கச் சொல்லியிருப்பார் போல. என் செலவில் மறுபடி அச்சடித்துக் கொடுத்தேன். ஆனாலும் முதல் நோட்டீஸ் வீடு வீடாகப் போனது போனதுதான்.

அந்த மாணவனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வரிக்கு ஒரு பெயராக ஒன்றன்கீழ் ஒன்று அடித்துவிட்டு, தலைப்பை விட்டுப் பெயர்களை மட்டும் செலக்ட் செய்து, லேஅவுட்டில் காலம்ஸ் போய் 'டூ' கொடுத்தால் போதும். தலைப்பு பக்கத்தின் முழு அகலத்துக்கு நிற்கும், பெயர்கள் இரண்டு பத்தியாகப் பிரிந்துகொள்ளும். மேலே ஒரு பெயரை நுழைத்தால் மற்றவை தானாக இறங்கும். இடப்பத்தியின் கடைசிப் பெயர் தன் தொகையோடு வலப்பத்தியின் தலைக்குப் போகும். தொகைகள் ஒரே நேராக நிற்க ஒரு ரைட் டேப் (எண்களின் வலது ஓரத்தை ஒரே கோட்டில் நிறுத்தும் டேப்), பத்தியை வேண்டிய இடத்தில் முறிக்க கன்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும்.

மூன்று பத்தி ஆசை மட்டும் வேண்டாம். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. வழக்கமான மார்ஜினும் இடைவெளியும் போக மூன்று பத்தி என்றால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 4.5 செ.மீ.தான் கிடைக்கும். 'கிருஷ்ணகிரியிலிருந்து' என்ற ஒரு சொல்லே வரியை அடைத்துக்கொள்ளும். இருபுறமும் சமமாக ஜஸ்டிஃபை செய்தால் சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாகத் தெரியும். நீங்கள் சொல்லை வரி முடிவில் முறித்து அடுத்த வரியில் தொடர்கிறீர்கள். எங்கள் கடை வேர்டில் தமிழ்ச் சொல் அப்படித் தானாக முறிவதில்லை.

பதினோராம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் ஓபன் ஆபிஸ் ரைட்டர் இருக்கிறது. அதிலும் ஃபார்மட் மெனுவில் காலம்ஸ் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆசிரியர்கள் இதற்கென்று ஒரு பீரியட் ஒதுக்கி, அவரவர் ஊர் நோட்டீஸையே பயிற்சியாகக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பக்கங்களை வடிவமைப்பவர் யாராவது மாணவர் பகுதியில் இதைப் படத்தோடு எழுதினால் இன்னும் நல்லது. மாசிக்கு முன்னால் வந்தால், வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டி வைப்பேன்.

இப்படிக்கு,
டிடிபி கடை நடத்தும் வாசகி,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.