சதிக்கு இருவர் வேண்டும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சேலம் பதிப்பில் அண்மைக் காலமாக 'சதி' என்ற சொல் இடம் பொருள் பாராமல் தலைப்பேறி வருகிறது. ஒருவர் தனியாளாக இன்னொருவரை ஏமாற்றினாலும் சதி. கிடங்கில் தீப்பிடித்தால், விசாரணை தொடங்கும் முன்பே 'சதியா?' என்ற கேள்வி.

இரண்டு பேராவது மறைவாகப் பேசி வைத்துக்கொண்டு, தீங்கு ஒன்றைச் செய்ய உடன்படுவதே சதி. எங்கள் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்குக் கொடுத்த வெள்ளியில் வேலையாள் ஒருவர் தாமாகவே சிறிது எடுத்துக்கொண்டால் அது நம்பிக்கை மோசடி. அவரும் எடை போடுபவரும் முன்கூட்டியே பேசிக்கொண்டு, திரும்பி வந்த சரக்கின் எடையை மாற்றி எழுதினால்தான் அது சதி. 1913-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 120-ஏ பிரிவும், அச்சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 61-ஆம் பிரிவும் இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் உடன்பாட்டையே சதி என்கின்றன. குற்றம் ஒன்றைச் செய்ய உடன்பட்டாலே போதும், அது நடந்தேறியிருக்க வேண்டியதில்லை. அப்படியிருக்க, தங்கள் செய்தியாளர்கள் விரும்பி எழுதும் 'கூட்டுச்சதி'யில் முன்பாதி மிகை.

ஏற்காட்டில் காபி பூக்கும் பருவத்தில் மழை பொய்த்தால், 'வானம் சதி செய்துவிட்டது' என்று தோட்டக்காரர் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. வானத்தின் மீது யாரும் முதல் தகவல் அறிக்கை பதியப் போவதில்லை.

'சூழ்ச்சி'யின் கதை வேறு. 'சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்' என்னும் குறளில் அது கலந்து ஆராய்தலையே குறிக்கிறது. வஞ்சகம் என்ற பொருளே இன்று வழக்கில் நிலைத்துவிட்டது. அதை இனி மாற்ற இயலாது, மாற்றவும் வேண்டியதில்லை. ஆனால் சதிக்கும் சூழ்ச்சிக்கும் இன்றும் ஒரு வேறுபாடு உண்டு: சூழ்ச்சியை ஒருவரே தம் மனத்துக்குள் செய்யலாம். தனியாளின் தந்திரத்துக்கு அச்சொல் இருக்கும்போது சதியை ஏன் இழுக்க வேண்டும்?

இதை வெறும் சொல்லாராய்ச்சியாகக் கொள்ள வேண்டாம். சதி பெரும்பாலும் குற்றம் சாட்டுபவரின் வாயிலிருந்து வரும் சொல். 1941-இல் சென்னைச் சதி வழக்கில் கம்யூனிஸ்ட் தலைவர் பி.ராமமூர்த்தியோடு தண்டிக்கப்பட்டவர்களுள் ஒருவர், அன்றைய சேலம் மாவட்டத்துக் குமாரமங்கலம் குடும்பத்தைச் சேர்ந்த மோகன் குமாரமங்கலம். ஆங்கில அரசு சதி என்றதை அவர்கள் கட்சிப் பணி என்றே கருதியிருப்பார்கள். மோகன் குமாரமங்கலமே பின்னாளில் மத்திய அமைச்சரானார்.

எனவே, வழக்கு நிலுவையில் இருக்கும்வரை 'சதி அம்பலம்' என்று தாங்களே தீர்ப்பெழுதாமல், 'சதி எனப் போலீசார் குற்றச்சாட்டு' என்று சொன்னவர் பெயரோடு வெளியிடுமாறும், தனியாளின் குற்றத்துக்கு மோசடி, ஏமாற்று, நாசவேலை ஆகியவற்றுள் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்குமாறும் துணை ஆசிரியர்களுக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.