பரண்ல கீற போட்ட எறக்கிட்டேன்

நைனா,

மைக்க அமுக்கினா நாம பேசறத அதுவே எழுதிடும்னு பாப்பா சொல்லிக்குடுத்துச்சி, அதான் பேசிகினு கீறேன், எழுத்து தப்பா வந்தா நீயே சரியா படிச்சிக்க. வாய்ஸாவே அனுப்பிருப்பேன், ஆனா போன மாசம் அனுப்புன நாலும் நீ இன்னும் கேக்கவே இல்ல. வேல இருக்கும். சரி.

இங்க எல்லாரும் நல்லா கீறோம். அம்மாவுக்கு முட்டி வலி அப்டியே தான். தண்டையார்பேட்டையில மெட்ரோ ஏறினா ஹைகோர்ட்டு வரைக்கும் ஏசியில சோக்கா குந்திகினு போறா, எறங்கி நாலு படி ஏறினா ஐயோ அம்மான்றா. எதிர்வீட்டுக்கு புதுசா குடி வந்துகீறாங்க. வஞ்சிரம் வெலய கேக்கவே வேணாம். வேற நியூஸும் நெறைய கீது, அப்பறம் சொல்றேன்.

லேத்து பட்டறைக்காரர் புள்ள, ஒன்கூட படிச்சவன், சனிக்கெழம டீக்கடையில என்ன பாத்துட்டு போன எடுத்து காட்னான். நீ போட்ட விக்கறேன்னு போட்டுகீற. ஐ.ஓ.எம். போட்டு, அதான் நீ கரையில நின்னு ரிமோட்ல ஓட்டற சின்ன பாய்போட்டு, காத்துக்கு ஏத்த மாதிரி மாத்தற ஏ பி சி மூணு பாய் செட்டு, ரிமோட்டு, பாய இழுக்கற வின்ச்சு, ஸ்டாண்டு, எல்லாம் சேத்து ஒரே வெலன்னு. ஜெர்மன்ல இருந்துச்சி, அவன் தான் போன்லயே தமிழாக்கி படிச்சான். நான் ஒண்ணும் காட்டிக்கல, வேற வாங்கப்போறான் போலன்னு சொல்லிட்டு வந்துட்டேன். டீக்கு காசு குடுக்க மறந்துட்டேன், மறுபடி போய் குடுத்தேன்.

காசிமேட்ல நாப்பது வருசமா போட்டு விக்கறவங்கள பாத்துகீறேன்டா. கடன்ல கழுத்து வரைக்கும் முழுவினவன் கூட போட்ட குடுத்துட்டு வலைய தோள்ல போட்டுகினு தான் போவான், நாளைக்கு எவன் போட்லயாவது ஏறலாம்னு. வலையோட சேத்து குடுத்தவங்கள நான் ரெண்டே பேர தான் பாத்துகீறேன். அதுல ஒருத்தர் உங்க பெரிப்பா. அதனால ஸ்டாண்ட விக்காத. போட்டு போனா போவுது, ஸ்டாண்டும் ரிமோட்டும் உன்கிட்ட இருக்கட்டும். காரணம் நான் கேக்கல.

மனசு வுட்டுப்போறது எனக்கு தெரியாதா. அடிக்கட்டை ஏராவ வெச்சி, விலா எலும்பு மாதிரி வங்கு நிறுத்தற வரைக்கும் யார்டே திருவிழா மாதிரி இருக்கும், தேங்கா ஒடைப்பாங்க, ஓனர் பொண்டாட்டி புள்ளைங்களோட வந்து போட்டோ எடுப்பான். அப்பறம் பலகை அடிக்கிற மாசம் வரும் பாரு, அங்க ஒரு நாயி எட்டிப்பாக்காது. ஒவ்வொரு பலகையா சூடு காட்டி வளைக்கணும், இழைக்கணும், மறுபடி வெச்சு பாக்கணும், மறுபடி இழைக்கணும், மூணு நாள் வேல செஞ்சும் பாக்கறவன் கண்ணுக்கு அதே போட்டு தான். எனக்கு அப்ப வூட்ட வுட்டு கெளம்பவே புடிக்காது. ஆனா போவேன், போய் ஒண்ணுமே செய்யலன்னாலும் பலகை இடுக்குல அடைக்கிற கலப்பத்து பஞ்ச எடுத்து ஒரு மொழம் அடிச்சிட்டு வருவேன். கை வெச்சிட்டா அடுத்த நாளு அந்த எடத்துலேர்ந்து ஆரம்பிக்க தோணும், அதான் விசயம். நீயும் தெனம் பத்து நிமிசம் தொடு. போட்ட ஓட்ட வேணாம், டெக்கு மேல பழைய டேப்ப பிச்சிட்டு புதுசு ஒட்டு, சுக்கான் கம்பி லூசா கீதா பாரு, கயிற மாத்து. பத்தே நிமிசம்.

இன்னொண்ணு. ஒனக்கு கட்டறதுல அலுப்பா ஓட்டறதுல அலுப்பான்னு பாரு. ரெண்டும் வேற வேற நோவு, ஒரே மருந்து குடுத்தா கேக்காது. கட்டறது அலுத்துதுன்னா அடுத்தவன் போட்ட ரிப்பேர் பண்ணிக்குடு, நமக்குன்னு இல்லாத வேலையில கை வேகமா ஓடும். ரேஸ் அலுத்துதுன்னா ரேஸ் இல்லாத நாளா பாத்து சும்மா தண்ணியில வுடு, காத்து எந்த பக்கம் வருதுன்னு மட்டும் பாத்துகினு நில்லு. எங்க காலத்துல கட்டுமரத்துல பாய் கட்டினவங்க யாரு கூட ரேஸ் வுட்டாங்க, கச்சான் காத்து அடிச்சா ஒரு மாதிரி, வாடை காத்து அடிச்சா ஒரு மாதிரி, அதோட தான் பேச்சு. நீ தோத்தேன்னு ஒரு தடவ ரெண்டு நாள் பேசாம இருந்தியே, வலது பக்க காத்துல வர்றவனுக்கு வழி வுடாம மோதிட்டேன், அதுக்கு தண்டனையா ஒரு சுத்து சுத்தி வந்து ஓடணும், அதுக்குள்ள எல்லாரும் பூட்டாங்கன்னு. அப்ப நீயே தான சொன்ன, நாலஞ்சு ரேஸ் ஓடினா மோசமான ஒண்ண கணக்குலேர்ந்து தூக்கிடுவாங்கப்பா, அப்டி ஒரு ரூலு கீதுன்னு. எனக்கு அந்த ரூலு ரொம்ப புடிச்சிது. யாரோ வாழ்ந்தவன் எழுதிகீறான்.

நீ இருவத்திமூணு போட்ல ஆறாவதா வந்தியே அந்த போட்டோ இன்னும் டீக்கடையில ஒட்டிதான் கீது, எண்ணப்பிசுக்கு ஏறிட்சி. காசிமேட்டு ஆசாரி புள்ள வெள்ளக்காரனுங்க நடுவுல பாய் வுடறான்னு எவ்ளோ நாள் சொல்லிகினு திரிஞ்சிருப்பேன். ஒரு மீட்டர் நீளம் தான், நாலு கிலோவுக்கு கொறையக்கூடாது, அந்த நாலு கிலோவுல ரெண்டே கால் ரெண்டர கிலோ கீழ தொங்குற ஏராவும் ஈயமும் தான், அதனால தான் எவ்ளோ சாச்சாலும் தானா எழுந்துக்குதுன்னு ஒவ்வொருத்தனுக்கும் வெளக்கி சொல்லுவேன். ஈயக்குண்டு நானே வார்த்து அனுப்பறேன்னு சொன்னப்ப நீ சிரிச்ச. வலைக்கு எத்தினி ஆயிரம் குண்டு வார்த்த கை இது, சிரிக்கிற. சம்பாரிக்க ஆரம்பிச்சதுலேர்ந்தே அப்பன் கைவேல மட்டம் தான் ஒனக்கு.

சரி அத்த வுடு.

அங்க இப்ப சாய்ங்காலம் நாலு மணிக்கே இருட்டிடுதாமே. கீழ்ரூம்ல குந்திகினு எபாக்சி பசை கலக்காத, குளுர்ல அது காயவே காயாதுன்னு நீ தான் சொன்ன. இங்க கலக்கி வாய மூடறதுக்குள்ள டப்பாவே சூடாகி கல்லாய்டுது. சூடா சாப்புடு. போன தடவ வீடியோவுல பேசினப்ப உங்கம்மா ஒண்ணு பாத்துட்டா. ஒனக்கு பின்னாடி தட்டு கவுக்குற ஸ்டாண்டுல ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு டம்ளரு. எனக்கு கண்ணு அவ்ளோ தெரியாது, அவ தான் ராத்திரி சொன்னா, சொல்லிட்டு செவுத்து பக்கம் திரும்பி படுத்துகினா. ஒரு தட்டு ஒடஞ்சிருக்கும், இல்ல கழுவாம சிங்க்ல கெடந்திருக்கும்னு சொன்னேன். நான் ஒண்ணும் கேக்கலடா. அந்த புள்ளைய நான் கேட்டதா சொல்லு, சொல்ல முடிஞ்சா. பொங்கலுக்கு ரெண்டு பேருக்கும் துணி எடுக்கறதா ஒனக்கு மட்டும் எடுக்கறதான்னு கடையில நின்னுகினு உங்கம்மா என்ன பாக்கறா, நான் இன்னா சொல்லுவேன். ரெண்டு பேருக்கும் தான் எடுத்தோம். தெனம் பத்து நிமிசம் தொடு, மறக்காத.

இங்கேர்ந்து வெரலால அடிக்கறேன். உங்கம்மா பக்கத்து ரூம்ல கீறா, காதுல வுழக்கூடாது. ரொம்ப நேரமாவும்.

2006ல உங்க என்.சி.சி. போட்டிக்கு கட்டினியே அந்த குட்டி பாய்போட்டு. காலையில குளத்துல வெள்ளோட்டம் பாத்தோம். டெக்கு வழியா கொஞ்சம் தண்ணி உள்ள போயிட்சி. பின்பக்கம் ஒரு ஓட்ட வெச்சி ரப்பர் மூடி போட்டிருந்த. அத்த கழட்டி கவுத்து புடிச்சி தண்ணிய வடிச்சவன் நான். நீ யூனிபார்ம் போட போயிருந்த. அதுக்குள்ள உங்க மாஸ்டர் கூப்டாரு, போட்ட எடுத்துனு வாங்கன்னு. நான் எடுத்துனு வந்து உன் கையில குடுத்தேன்.

நடு குளத்துல பின்பக்கம் தாழ்ந்து முன்பக்க அணியம் மேல தூக்கினப்ப நீ என்ன தான் பாத்த. எல்லார் எதிர்லயும் நான் இன்னா கேட்டேன். பலகைய ஒட்ட தெரியல, நீயெல்லாம் போட்டு கட்றவன் புள்ளையான்னு கேட்டேன். நீ பேண்ட்டோட எறங்கி அத்த தூக்கினு வந்த.

ராத்திரி சட்டைய கழட்டறேன், பாக்கெட்ல பீடி கட்டோட அந்த ரப்பர் மூடி.

எழுப்பி சொல்லிருக்கணும். நீ தூங்கல, எனக்கு தெரியும், போர்வைக்குள்ள மூச்சு சத்தம் கேட்டுச்சி. சொல்லல. சுனாமிக்கு அப்பறம் ஃபைபர் போட்டா வந்து குமிஞ்சிது, மரவேல செத்துட்டிருந்துது, அந்த எரிச்சல்னு சொல்லிக்கலாம். ஆனா அது காரணம் இல்ல. எனக்கு வெக்கம். காலையில சொல்லலாம்னு நெனச்சேன், நீ காலையில போட்ட பரண்ல ஏத்திட்டு கம்ப்யூட்டர் கிளாஸுக்கு பூட்ட. அப்பறம் ரெண்டு வருசம் நீ உளிய தொடல. நல்லதுக்கு தான், படிக்கறான்னு நானே எனக்கு சொல்லிகினேன்.

மூடிய தூக்கியும் போடல. உளி டப்பாவுல அடியில கெடந்துச்சி. கல்யாணம் ஆன புதுசுல அந்த புள்ள சிரிச்சிகினே சொல்லிச்சி, இவரு ஒட்டின எடத்தையே மூணு தடவ டார்ச் அடிச்சி பாப்பாரு மாமா, இன்னொருத்தரு ஓகே சொன்னாலும் நம்ப மாட்டாருன்னு. எல்லாரும் சிரிச்சோம். எனக்கு அன்னிக்கு சோறு எறங்கல.

நேத்து பரண்லேர்ந்து அந்த போட்ட எறக்கிட்டேன். உங்கம்மா இன்னாத்துக்கு இப்ப ஏணிய போடறீங்கன்னு கத்தினா. பாய் நொந்து பூட்சி, தொட்டா பொடியா உதிருது. பழைய மூடிய போட்டு பாத்தேன், காஞ்சி சுருங்கி லொடலொடன்னு ஆடுது. பிஞ்ச ஹவாய் செருப்புல வட்டமா வெட்டி ஒரு மூடி செஞ்சி அடைச்சேன். அண்டாவுல தண்ணி ரொப்பி எட்டு மணிக்கு வுட்டேன், மேல ரெண்டு கல்லு வேற வெச்சேன். பாப்பா ஸ்கூல் வுட்டு வர்ற வரைக்கும் மெதந்துச்சி. உள்ள கைய வுட்டு பாத்தேன், அப்பறம் நியூஸ் பேப்பர வுட்டு பாத்தேன். பேப்பர் நனையல. அத்தன வருசம் பரண் சூட்டுல காஞ்சும் ஒன் ஒட்டு ஒரு பொட்டு வுடலடா.

பாப்பா ரெட்டேரிக்கு எடுத்துனு போலாம்னு ஆட்டம் போடுது. ஆகாயத்தாமர இல்லாத பக்கமா பாத்து தான் வுடணும், சுக்கான்ல சுத்திகிச்சின்னா இந்த வயசுல நான் எறங்க முடியாது. அதுக்கு முன்ன பாய் வெட்டணும். நீங்கல்லாம் துணி போடறதில்ல, ஒரு ஷீட்டு போடறீங்களே, அது எத்தினி மைக்ரான்னு சொன்ன, அம்பதா? பூக்கடையில பொக்கே சுத்தற கவரு ஒத்துவருமா, இல்ல அது ரொம்ப கரகரன்னு இருக்குமா? நடுவுல பை மாதிரி எவ்ளோ தொப்ப வெக்கணும்? அத்த நீ கையில புடிச்சி காட்னா தான் எனக்கு புரியும்.

டைப் பண்ணி அனுப்பாத, படிக்க கண்ணு தெரியல. ஞாயித்துக்கெழம வீடியோவுல வா. தட்டு ஸ்டாண்டு பக்கம் குந்தினாலும் பரவால்ல.

அப்பா