மிளகு தேடினால் மிளகாய் வருகிறது

கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதித் தரும் நண்பர்களுக்கு,

எனக்கும் உங்கள் தொழில்தான். போன மாதம் அத்தானின் மளிகைக் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒருவருடைய பழைய பாக்கி திரையில் வருவதற்குள் பின்னால் நாலு பேர் வரிசை கட்டிவிட்டார்கள். மென்பொருள் கொடுத்தவருக்கு போன் போட்டால், "டேட்டா ரொம்பச் சேர்ந்துடுச்சுண்ணே, புது சிஸ்டம் வாங்கிடுங்க" என்கிறார். அவர் யார் என்று சொல்ல மாட்டேன். நானும் இப்படிச் சொல்லித் தப்பித்தவன்தான்.

கோப்பைத் திறந்து பார்த்தேன். எஸ்க்யூலைட், அதாவது எல்லாத் தரவையும் ஒரே கோப்பில் வைக்கும் டேட்டாபேஸ். ஒன்பது வருட பில்லும் சேர்ந்து 1 ஜிபியைக்கூடத் தொடவில்லை. எஸ்க்யூலைட் தாங்கும் அளவு 281 டெராபைட். எந்த மளிகைக் கடை அதை நிரப்பப் போகிறது?

கோளாறு குவெரியில், அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியில் இருந்தது. அந்தக் குவெரிக்கு முன்னால், அது எப்படித் தேடுகிறது என்று காட்டும் ‘எக்ஸ்ப்ளெய்ன் குவெரி ப்ளான்’ சேர்த்து ஓட்டினால் ‘ஸ்கேன்’ என்று வந்தது. ஒருவர் பாக்கிக்காக ஒன்பது வருட பில்லையும் முதல் வரியிலிருந்து புரட்டுகிறது என்று பொருள். வாடிக்கையாளர் எண், தேதி என்ற இதே வரிசையில் ஒரு இண்டெக்ஸ் (புத்தகத்தின் பின்னால் வரும் சொல்லடைவு மாதிரி) போட்டதும் ‘சர்ச்’ ஆனது, அதாவது தேவையான வரிக்கு நேராகப் போனது. பாக்கி உடனே வந்தது. சரி, மாதக் கணக்கு? அது அப்போதும் இழுத்தது. தேதியின் முதல் ஏழு எழுத்தை வெட்டி ஒப்பிட்டிருந்தார்கள். ஃபங்ஷனுக்குள் போய்விட்ட புலத்துக்குச் சாதாரண இண்டெக்ஸ் உதவாது. தேதிக்கு ஒரு இண்டெக்ஸ் போட்டு, ‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதிவரை’ என்று கேட்டால் போதும்.

விலைப்பட்டியல் ஏற்றுவது இன்னொரு கூத்து. 12,000 பொருள், ஒவ்வொன்றுக்கும் தனி கமிட், அதாவது ஒவ்வொன்றையும் தனித்தனியாக வட்டில் எழுதி உறுதி செய்வது. கடையில் இருப்பது 7200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 7200 சுற்று) ஹார்ட் டிஸ்க். ஒரு கமிட்டுக்கு வட்டு சுமார் இரண்டு சுற்று சுற்றியாக வேண்டும், அதனால் நொடிக்கு 60 கமிட் என்பதே பெரிது. கணக்குப் போட்டால் மூன்று நிமிடத்துக்கு மேல். மொத்தத்தையும் ஒரே ட்ரான்ஸாக்ஷனில் வைத்து, கடைசியில் ஒரே கமிட் செய்தால் சில நொடிதான்.

நான் எழுத உட்கார்ந்ததே அடுத்த விஷயத்துக்காக. பொருள் தேட எஸ்க்யூலைட்டின் சொல்தேடல் வசதியான எஃப்டிஎஸ்5 வைத்திருக்கிறார்கள், நல்லது. ஆனால் ‘மிளகு’ என்று தேடினால் மிளகாயும் வருகிறது! அதில் எழுத்தைச் சொற்களாகப் பிரிக்கும் யூனிகோட்61 டோக்கனைசர், எழுத்து, எண் வகைகளைத்தான் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். நம் கொம்பும் காலும் புள்ளியும் அதற்கு இடைவெளி மாதிரி. மிளகு ‘ம’, ‘ளக’ என்று உடைகிறது. மிளகாய் ‘ம’, ‘ளக’, ‘ய’. முதல் இரண்டும் ஒன்றாகிவிட்டதே, அப்புறம் எப்படிப் பிரித்துக் காட்டும்? கல்லும் கலையும்கூட அதற்கு ஒரே ‘கல’தான். டேபிளை உருவாக்கும்போது ‘கேட்டகரீஸ்’ அமைப்பில் எம்என், எம்சி என்ற இரண்டு வகைகளையும் (நம் கொம்பு, கால், புள்ளி எல்லாம் இவற்றில்தான் அடங்கும்) சேர்த்துவிட்டால் சொல் முழுசாக நிற்கும். ஏற்கெனவே இருக்கும் தேடல் டேபிளைத் திரும்பக் கட்ட வேண்டியிருக்கும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் இது கண்ணிலேயே படாது.

அடுத்த அப்டேட்டில் இவற்றை அனுப்பிவிடுங்கள். நிறுவும்போது தானாக ஓடட்டும், கடைக்காரருக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. புது சிஸ்டம் பேச்சை மட்டும் எடுக்காதீர்கள். அத்தான் கொட்டேஷன் வாங்கும்வரை போய்விட்டார்.