மெழுகுவர்த்திக்குப் பிளாஸ்டிக் தம்ளர் வேண்டாம்: பங்குப்பேரவைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும் பங்குப்பேரவைப் பெரியவர்களுக்கும்,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

ஈஸ்டருக்கு முந்தின இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்புக்கு மறுநாள் காலை, பிளாஸ்டிக் தம்ளர்களை எரித்ததில் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்குப் பின்னால் எழுந்த கரும்புகையைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பக்கத்துத் தெருவினர் வந்து சத்தம் போட்டதும், பேரவைக் கூட்டத்தில் 'பார்த்துக்கொள்ளலாம்' என்று அந்தப் பேச்சு தள்ளிப்போனதும் உங்களுக்குத் தெரிந்தவைதாம். ஆகவே நேராகவே கேட்கிறேன்: அடுத்த திருவிழிப்பில் மெழுகுவர்த்தியோடு, காற்றுக்கு மறைப்பாகப் பிளாஸ்டிக் தம்ளர் கொடுக்காதீர்கள்.

எரித்ததற்காக, கோவில் வேலைகளைப் பார்க்கும் கோவில்பிள்ளை திட்டு வாங்கினார். அவர் வேறு என்னதான் செய்வார்? காலைத் திருப்பலிக்குள் வளாகம் சுத்தமாக வேண்டும். அடியில் துளையிட்டு மெழுகுவர்த்தி செருகிய தம்ளர்கள் பெஞ்சுக்கு அடியிலும், வாசற்படியிலும், லூர்து மாதாவின் குகைபோன்ற கெபியைச் சுற்றியும் சிதறிக் கிடந்தன. எல்லாவற்றிலும் மெழுகு வழிந்து உறைந்திருந்தது. கூட்டிப் பெருக்கும் அம்மா அவற்றைக் குவித்து வைத்து, நகத்தால் மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மெழுகு ஒட்டியிருந்தால் பழைய இரும்புக் கடைக்காரர் தொடவே மாட்டாராம். குப்பை வண்டிக்காரரும் வாங்க மறுத்துவிட்டார். தம்ளரோ மெல்லியது, கொஞ்சம் அழுத்தினால் கீறி விரலைக் கிழிக்கிறது. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு அந்த அம்மா சுரண்டினார். நாமெல்லாம் புத்தாடையில் 'அல்லேலூயா' பாடிய அந்தத் திருப்பலிக்கு அவர் வரவில்லை. அவரால் முடியாமல் போன மிச்சத்தைத்தான் கோவில்பிள்ளை கொளுத்தினார்.

பேரவைக்குச் சட்டம் தெரியாது என்று நான் நம்பத் தயாரில்லை. பிளாஸ்டிக் தம்ளருக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை; 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை. அலங்காரத் தெர்மாகோலும் நாடு முழுவதற்குமான தடைப் பட்டியலில் இருக்கிறது. நம் பீடத்தருகே எழுப்பிய கல்லறையோ முழுக்கத் தெர்மாகோல். ஆண்டவர் உயிர்த்தெழுந்துவிட்டார், அவருடைய கல்லறை இன்னும் பொருள் அறைக்குப் பின்னால் கிடக்கிறது. அது மக்கப்போவதும் இல்லை.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடல் பிளாஸ்டிக்கைத் தவிர்க்கச் சொல்கிறது. அதைவிடப் பழைய பாடம் நம் வழிபாட்டிலேயே இருக்கிறது. குருத்து ஞாயிறன்று மந்திரித்து வாங்கிய ஓலை அடுத்த ஆண்டு திருநீற்றுப் புதனுக்குச் சாம்பலாகிறது, துணுக்குகூட வீணாவதில்லை. திருவிழிப்பின் பாஸ்கா புகழுரை, மெழுகு தந்த தேனீக்களின் உழைப்பை நினைவுகூர்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு நிற்கும் நம் கையில் பிளாஸ்டிக் தம்ளர்.

காற்றில் திரி அணையும் என்பது உங்கள் பதில். அணையட்டுமே! பாஸ்கா திரி என்னும் பெரிய மெழுகுவர்த்தியிலிருந்து எடுத்த ஒளியை ஒருவரிடமிருந்து ஒருவர் பற்றவைத்துக்கொள்வதுதானே அந்தச் சடங்கு? அணைந்தால் பக்கத்தில் நிற்பவர் மறுபடி ஏற்றித் தருவார். கையில் மெழுகு சொட்டாமலிருக்க, நடுவில் துளையிட்ட வட்ட அட்டை போதும்.

மறைக்கல்விப் பிள்ளைகளுக்குக் கொடுத்த பிளாஸ்டிக் முட்டைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உள்ளே இரண்டு மிட்டாய், அதற்கும் தனித்தனி உறை, மொத்தத்துக்கும் மேலே பளபளக்கும் இன்னொரு தாள். தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டில் பெண்கள் பனையோலைப் பெட்டி முடைகிறார்கள்; அதில் அவித்த முட்டையை வைத்துக் கொடுத்தால் பிள்ளைகள் வேண்டாம் என்றா சொல்வார்கள்? பிறகு அந்த பிளெக்ஸ் பேனர்கள். உயிர்த்த ஆண்டவர் மேல்மூலையில் தபால்தலை அளவில் இருந்தார். நடுவில் நம் பேரவைப் பொறுப்பாளர்கள் வரிசையாகக் கைகூப்பி நின்றார்கள். உயிர்த்தது யார் என்று வழிப்போக்கர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

மன்னியுங்கள், பேனர் விவகாரத்தை இன்னொரு நாள் பேசலாம். இப்போதைக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: திருவிழிப்பில் பிளாஸ்டிக் தம்ளர் வேண்டாம். தவக்காலம் தொடங்கும் முன்பே இதைப் பேரவையில் தீர்மானமாக எழுதி, ஞாயிறு அறிவிப்பில் வாசிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். கடைசி வாரத்தில் சொன்னால், 'ஏற்கெனவே வாங்கிவிட்டோம்' என்ற பதில்தான் வரும். பழைய நோட்டு அட்டைகளைச் சேர்த்து வட்டமாக வெட்டித் தர எங்கள் பகுதிக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்தினர் தயாராக இருக்கிறோம். எத்தனை வேண்டும், மெழுகுவர்த்தி எவ்வளவு தடிமன் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பங்கு மக்களில் ஒருவர்