டிரில் பெட்டியோடு வரும் கடிதம்

அம்மணிக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் சுகம். பெட்டி அடிபடாமல் வந்து சேர்ந்ததா என்று முதலில் பார். வீட்டு விலாசத்துக்குப் போட்டால் பகலில் வாங்க ஆள் இருக்காது என்று உன் ஆபீஸ் விலாசத்துக்கே போட்டுவிட்டேன். கடிதத்தைப் பிட் சொருகும் கட்டைக்கு அடியில் வைத்தது எண்ணெய் படாமல் இருக்கட்டும் என்றுதான்.

ராத்திரி ஒன்றரை மணிக்கு நீ அனுப்பிய போட்டோவைக் காலையில்தான் பார்த்தேன். பார்த்ததும் கோபம் வந்தது. கல்யாணத்தில் நகையோடு நகையாகக் கொடுத்தனுப்பிய டிரில் பிட் செட் அது. அடிசன் கம்பெனி இரும்பு பிட், சுவர் பிட், ஸ்குரூ, உடைந்த பென்சில் எல்லாம் ஒரே பிஸ்கட் டப்பாவில் கிடக்கின்றன. கோவை ஆவாரம்பாளையத்துப் பட்டறைக்காரன் மகள் வீட்டில் இப்படியா? ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அத்தனை பிட்டையும் மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, அளவு வாரியாக நீ அடுக்குவதை உன் பெரியப்பா இன்றைக்கும் அவர் பையன்களிடம் சொல்லிக் காட்டுகிறார். ஆறரைக்கும் ஆறு புள்ளி எட்டுக்கும் வித்தியாசத்தைக் கண்ணாலேயே சொன்ன பெண் நீ. காலேஜில் சேர்ந்த வருஷம் லேப் ஆசிரியரே உன்னிடம் கேட்டாராமே.

சரி. படுக்கையறைக் கதவில் உள்பக்கம் டவர் போல்ட் தாழ்ப்பாள் போட எந்த பிட் என்று கேட்டிருந்தாய். 3 மி.மீ. போதும். ஆனால் அந்த டப்பாவில் 3 எது, மூன்றரை எது என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்? அதனால்தான் இந்தக் கட்டை.

மரம் அப்பாரு கட்டிலின் சட்டம்தான். அம்மா முதலில் கொடுக்க மாட்டேன் என்றாள், உனக்கென்றதும் விட்டுவிட்டாள். 1 மி.மீ. தொடங்கி 13 வரை அரை அரையாக 25 ஓட்டை. ஒவ்வொன்றும் பிட்டைவிட அரை மி.மீ. பெரிது. இறுக்கமாகப் போட்டால் மழைக் காலத்தில் மரம் ஊதி, பிட்டை இடுக்கி வைத்துத்தான் பிடுங்க வேண்டியிருக்கும். கட்டையின் முகத்தைக் கொஞ்சம் சாய்த்து வெட்டியிருக்கிறேன், எண்கள் உன்னைப் பார்த்து நிற்கும். தண்டு கீழே, முனை மேலே. தலைகீழாக வைத்தால் தண்டில் அடித்திருக்கும் எண் தெரியும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. முனை மேலே இருந்தால்தான் மழுங்கியதும் உடைந்ததும் எடுக்கும் முன்பே தெரியும். இரண்டரைக்குக் கீழே உள்ளதை மட்டும் ஹோமியோபதி மாத்திரைக் குப்பிகளில் போட்டிருக்கிறேன், விரலில் குத்திவிடும்.

கட்டையில் வைத்தால் இன்னொரு லாபம் உண்டு. எது இல்லை என்று காலி ஓட்டை சொல்லிவிடும். டப்பாவில் எது காணாமல் போனாலும் தெரியாது, டப்பா நிறைந்தே இருக்கும்.

அளவு தெரியாத பிட் கையில் வந்தால் வெர்னியர் அளவுகோலில் முனையை அள, இரண்டு ஓரத்தையும் சேர்த்து. தண்டை நம்பாதே. பிட்டைப் பிடிக்கும் மிஷின் வாயில், அதுதான் சக், வழுக்கி வழுக்கித் தண்டு தேய்ந்திருக்கும், எண்ணும் அழிந்திருக்கும். டப்பாவில் ஒன்றோடொன்று உரசவும் விடாதே. எச்.எஸ்.எஸ். என்கிற ஹை ஸ்பீட் ஸ்டீல் சிவக்கச் சூடேறினாலும் கடினம் விடாது, ஆனால் இன்னொரு எச்.எஸ்.எஸ். பக்கத்தில் கிடந்து மோதினால் வெட்டும் ஓரம் பொரிந்துவிடும். உன் டப்பாவில் பாதி பிட் இப்போது சாணை பிடிக்க வேண்டிய நிலையில்தான் இருக்கும். அதையெல்லாம் நீ வரும்போது கொண்டு வா. தீபாவளிக்கும் வரவில்லை, பொங்கலுக்கும் லீவு இல்லை என்றாய். லீவு இல்லையா, மாப்பிள்ளைக்கு விருப்பம் இல்லையா என்று அம்மா கேட்டாள். வேலைதான் என்று நான் சொல்லி வைத்தேன்.

இரண்டாவது வரிசை சுவர் பிட். முனையில் பட்டையாகக் கார்பைடு ஒட்டியிருக்குமே, அது. 6, 8, 10 இருக்கிறது. இரும்பு பிட்டைச் செங்கல்லில் ஓட்டினால் ஒரே ஓட்டையில் அது செத்தது, அதனால் இரண்டு வரிசையும் கலக்கவே கூடாது. மூன்றாவது வரிசை மரத்துக்கு, நடுவில் ஊசிமுனை உள்ளது. மாப்பிள்ளை வாங்கிய ஹாமர் மிஷினின் பிட் தண்டில் காடி வெட்டியிருக்கும், எஸ்.டி.எஸ். என்று பெயர். அது உன் மிஷின் சக்கில் சரியாக நிற்காது. அதற்கு நான் ஓட்டை போடவில்லை. அவர் சாமான் அவர் பக்கம் இருக்கட்டும், உன் சாமான் உன் பக்கம் இருக்கட்டும். இதை உன்னிடத்தில் வை.

கட்டையின் வலது ஓரத்தில் தனியாக நாலு ஓட்டை பார்த்திருப்பாய். 3.3, 4.2, 6.8, 10.2. எம்4, எம்5, எம்8, எம்12 டாப் போடுவதற்கு, அதாவது ஓட்டைக்குள் மரை வெட்டுவதற்கு. அரை அரையாகப் போகும் செட்டில் இவை வரவே வராது. பக்கத்திலேயே டாப்பையும் சொருகியிருக்கிறேன். எம்6-க்கு 5, எம்10-க்கு எட்டரை, இரண்டும் செட்டிலேயே இருக்கிறது. அளவு வாரியாக மட்டும் அடுக்குகிறவன் கடைக்காரன். வேலை செய்கிறவன் எது எதோடு சேர்ந்து வேலைக்கு வருமோ அதை ஒன்றாக வைப்பான். அங்கே நீ டாப் போடப் போகிறாயா என்று கேட்காதே. இருக்கட்டும்.

இனி தாழ்ப்பாள். இதை நிதானமாகப் படி.

டவர் போல்ட்டோடு கடையில் தரும் அரை இஞ்ச் ஸ்குரூவைக் குப்பையில் போடு. கதவைத் தள்ளினால் போல்ட் உடையாது, ஸ்குரூதான் பிடுங்கிக்கொண்டு வரும், அதுவும் நிலைப் பக்கத்து ஸ்குரூ. பெட்டியில் இரண்டு பொட்டலம் இருக்கிறது. கதவில் 1 இஞ்ச் போடு. ஃபிளஷ் டோர் ஒன்றேகால் இஞ்சுதான் இருக்கும், நீளமாகப் போட்டால் முனை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். நிலையில் 2 இஞ்ச். பாத்ரூம் நிலை கருங்கல், ஆனால் படுக்கையறை நிலை மரம்தான். நாங்கள் வந்திருந்தபோது தட்டிப் பார்த்திருக்கிறேன். 3 மி.மீ. பிட்டில் கதவுக்கு முக்கால் இஞ்சில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிக்கொள், டேப் மரத்தைத் தொட்டதும் நிறுத்து. முதலில் இந்தச் சின்ன பைலட் ஓட்டை போடாமல் ஸ்குரூவை முறுக்காதே, நிலை பிளந்துவிடும். ஸ்குரூவில் கொஞ்சம் சோப்பு தேய்த்துக்கொண்டால் கை வலிக்காமல் ஏறும். ஒரு தாழ்ப்பாளுக்கு இரண்டாகவே வைத்திருக்கிறேன். ஒன்று தோள் உயரத்தில், ஒன்று முழங்கால் உயரத்தில் போடு.

அந்தக் கதவில் குமிழ்ப் பூட்டு ஒன்று நன்றாகத்தானே இருந்தது. அது கெட்டுவிட்டதா? கெட்டிருந்தால் பூட்டையே மாற்றலாம், ஓட்டை போடும் வேலையே இல்லை. உள்ளே பொத்தானை அமுக்கினாலும், வெளியே இருக்கும் காடியில் ஒரு ரூபாய்க் காசை வைத்துத் திருப்பினால் அந்த மாதிரிப் பூட்டு திறந்துகொள்ளும். குழந்தை உள்ளே மாட்டிக்கொண்டால் திறப்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். அது எனக்குத் தெரியும். நான் எதுவும் கேட்கவில்லை. ஷெல்ஃப் மாட்ட பிட் கேட்டாய் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், நீயும் அப்படியே சொல்.

போன வாரம் உன் நம்பருக்குக் கூப்பிட்டேன். மாப்பிள்ளை எடுத்தார். நீ தூங்குகிறாய் என்றார். சாயங்காலம் ஆறு மணி. உடம்புக்கு என்ன என்றேன், ஒன்றுமில்லை மாமா என்றார். மரியாதையாகத்தான் பேசினார். அப்புறம் நீ திரும்பக் கூப்பிடவில்லை.

பிட்டை வேலை முடிந்ததும் அப்படியே சொருகாதே. காடியில் இருக்கும் தூளைப் பழைய பல் பிரஷ்ஷால் எடு. 1863-ல் அமெரிக்காவில் ஸ்டீபன் மோர்ஸ் இந்தத் திருகு பிட்டுக்குக் காப்புரிமை வாங்கினாரே, அந்தக் காடியே வெட்டிய சுருளை மேலே ஏற்றிவிடத்தான். அதில் மரத்தூள் அடைத்துக் கிடந்தால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புனேயில் ஜூன் பிறந்தால் செப்டம்பர் வரை ஈரம்தான், இங்கே மாதிரி இல்லை. தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, துணியில் தொட்டுத் துடை. தேங்காய் எண்ணெய் வேண்டாம், குளிரில் உறைந்து தூளைப் பிடித்துக்கொள்ளும். பெட்டி மூலையில் துணியில் முடிந்திருப்பது கற்பூரம், பழைய ஃபிட்டர்கள் துருவுக்கு வைப்பது. கரைந்துபோனால் புதிதாக வை. மறுபடியும் சொல்கிறேன், துடைக்காமல் சொருகாதே.

செல்வி கல்யாணம் தையில் முடிவாகியிருக்கிறது. மற்ற சேதியெல்லாம் அம்மா சொல்வாள். பின்கட்டு அறையை வெள்ளையடித்து வைத்திருக்கிறேன், ஃபேனும் மாற்றியாயிற்று. யாரும் கேட்டு அடிக்கவில்லை, சும்மா இருந்ததால் அடித்தேன். உன் பழைய ஸ்டூலும் வைஸும் பட்டறையில் அதே இடத்தில்தான் இருக்கின்றன. ஜாப் ஒர்க் இப்போது எடுக்க ஆள் இல்லாமல் திருப்பி அனுப்புகிறேன், டிராயிங் படித்து வேலை வாங்க ஒரு ஆள் இருந்தால் இரண்டு மிஷினும் ஓடும். வாடகைக்கு விடச் சொல்லி உன் பெரியப்பா நச்சரிக்கிறார். விடமாட்டேன்.

குர்லா எக்ஸ்பிரஸ் புனே வழியாகத்தானே போகிறது. போல்ட் போட ஆள் வேண்டும் என்று ஒரு வார்த்தை எழுது, நான் மட்டும் கிளம்பி வருகிறேன். ஒரு கதவுக்கு அரை மணி நேர வேலை. அப்புறம் நீ சொல்கிறபடி. அங்கே தங்குவதென்றாலும், கூட்டிக்கொண்டு வருவதென்றாலும், மாப்பிள்ளை என்ன நினைப்பார், ஊர் என்ன சொல்லும் என்று நீ யோசிக்க வேண்டாம். மிஷின் ரிப்பேர், பார்க்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிக்கொள்வேன்.

சக் கீயை மிஷின் வயரில், பிளக்குக்குப் பக்கத்தில் டேப் சுற்றிக் கட்டு. அப்போதுதான் பிட் மாற்றும்போதெல்லாம் பிளக்கைப் பிடுங்கியே ஆக வேண்டியிருக்கும்.

3 மி.மீ. பிட் மூன்று வைத்திருக்கிறேன், மெல்லியது, சாய்த்துப் பிடித்தால் முறியும். ஒன்று முறிந்தால் பயப்படாதே. இந்தக் கதவு உள்பக்கமாகத் திறக்கிறதா வெளிப்பக்கமாகத் திறக்கிறதா என்பது எனக்கு ஞாபகம் இல்லை. அதைப் பொறுத்துத்தான் தாழ்ப்பாள் விழும் வளையத்தை எங்கே வைப்பது என்று சொல்ல முடியும். எழுத நேரமில்லை என்றால் ஆபீஸ் போனிலிருந்து கூப்பிடு. பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை பட்டறையில் தனியாகத்தான் இருப்பேன், மிஷினை நிறுத்தியே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா